மண்டையைப் போட்டவரும் வாளியை உதைத்தவரும்

பிரான்ஸிலிருந்து ஒருவர் வந்து ஆசை ஆசையாய்த் தமிழ் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இலக்கணம் சுத்தம், உச்சரிப்பும் தேவலாம். கையில் மரபுத்தொடர்ப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு துக்கம். மாலையோடு போகிறார். வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமான வருத்தத்தோடு, "உங்க அப்பா மண்டையைப் போட்டுட்டாராமே, கேட்டதும் மனசே சரியில்லை" என்கிறார். பட்டியலில் 'மண்டையைப் போடு: இறந்துவிடு' என்றுதான் போட்டிருந்தது. அதில் ஒரு தப்பும் கிடையாது.

இதைத் திருப்பிப் போட்டால் நாம்தான். சில வருடங்களுக்கு முன் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், அமெரிக்காவில் இருந்த மேலாளருக்கு விடுப்புக் கேட்டு மெயில் போட்டான். தாத்தா 'கிக்ட் த பக்கெட்', ஆகவே மூன்று நாள் ஊருக்குப் போக வேண்டும். அவர் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டு, அப்புறம் சந்தேகம் வந்து என்னைத்தான் கேட்டார். பையனோ தாத்தா மேல் உயிரையே வைத்திருந்தவன். வெறுமனே 'டைட்' என்று எழுத அவனுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் கனமாக ஒரு வார்த்தை வேண்டும் என்று தேடி, வங்கித் தேர்வுக்குப் படித்த காலத்து கைடிலிருந்து இதை எடுத்துப் போட்டிருக்கிறான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வங்கித் தேர்வானாலும் எஸ்எஸ்சி தேர்வானாலும் ஆங்கில மரபுத்தொடர்களை நாம் படிக்கும் விதம் அப்படி. இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள், நடுவில் ஒரு சமக்குறி. அந்தச் சமக்குறிதான் ஆளைக் கவிழ்க்கிறது. இறந்துபோவதற்குத் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். சுவரொட்டியில் 'இறைவனடி சேர்ந்தார்'. பத்திரிகையில் 'காலமானார்'. போனில் தகவல் சொல்லும்போது 'தவறிட்டாங்க'. நெடுநாள் படுக்கையில் கிடந்தவர் என்றால் ஒரு பெருமூச்சோடு 'போய்ச் சேர்ந்தார்'. டீக்கடையில், ஊரை அடித்து உலையில் போட்ட ஆள் என்றால், 'மண்டையைப் போட்டான்'. இத்தனைக்கும் பொருள் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் சண்டை வரும். ஆங்கிலத்தில் 'பாஸ்ட் அவே' போனில் சொல்வது. 'கிக்ட் த பக்கெட்' டீக்கடையில் சொல்வது. கைடில் இரண்டும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன.

அந்த வாளி எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உறுதியாகத் தெரிந்தது, 1785-இல் லண்டனில் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைச் சொற்களின் அகராதியிலேயே அது இடம்பெற்றுவிட்டது என்பதுதான். கொச்சை அகராதி. அதாவது, அது பிறந்து வளர்ந்த தெருவே அதுதான். இன்றும் அங்கேதான் குடியிருக்கிறது.

இனி, மரபுத்தொடர் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சொற்களின் பொருளைக் கூட்டினால் தொடரின் பொருள் வராது என்பது பள்ளிக்கூட விளக்கம். சரிதான், ஆனால் பாதிதான். மீதிப் பாதி, அந்தத் தொடர் எவ்வளவு வளையும் என்பது.

'மண்டையைப் போட்டான்' என்பதை எடுத்து வளைத்துப் பாருங்கள். 'மண்டை போடப்பட்டது' என்றால் சிரிப்புத்தான் வரும். 'அவர் இப்போது மண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறார்' என்றால் அதைவிட மோசம். 'தலையைப் போட்டான்' என்று மாற்றிச் சொல்ல முடியாது. மண்டையும் தலையும் ஒன்றுதானே என்று வாதாடிப் பயனில்லை. 'கிக் த பக்கெட்' அப்படியே இதற்கு உடன்பிறப்பு. 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரோ நிஜமாகவே வாளியை உதைத்துவிட்டார் என்றுதான் அர்த்தம். பக்கெட்டுக்குப் பதில் 'பெயில்' போட்டாலும் ஆள் பிழைத்துக்கொள்வார்.

ஆனால் எல்லாத் தொடரும் இப்படி விறைப்பாக இருப்பதில்லை. 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் ரகசியத்தைப் போட்டு உடைப்பது. இதை 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று திருப்பினாலும் ரகசியம் வெளியே வந்த பொருள் நிற்கிறது. தமிழில் 'குட்டை உடைத்தான்', 'குட்டு உடைந்தது' இரண்டும் சரியாக வருவதைப் போல. ஏன் ஒன்று வளைகிறது, ஒன்று முறிகிறது? அமெரிக்க மொழியியலாளர்கள் நன்பர்க், சாக், வாசோ மூவரும் 1994-இல் 'லேங்க்வேஜ்' இதழில் எழுதிய கட்டுரை இதற்கு அழகான ஒரு காரணம் சொன்னது. 'ஸ்பில் த பீன்ஸ்' என்பதில் பொருளைப் பங்கு பிரித்துக் கொடுக்க முடியும்: பீன்ஸ் என்பது ரகசியம், கொட்டுவது என்பது வெளியிடுவது. குட்டு என்பது ரகசியம், உடைப்பது என்பது வெளியிடுவது. ஆகவே உள்ளே இருக்கும் உறுப்புகளை நகர்த்தலாம். வாளியிலோ மண்டையிலோ அப்படிப் பங்கு பிரிக்க எதுவும் இல்லை. சாவில் எது வாளி, எது உதை? முழுத்தொடரும் சேர்ந்து ஒரே சொல்லாக நிற்கிறது. ஒரு சொல்லின் நடுவில் கத்தி வைக்க முடியாது.

இது ஏதோ மொழியியல் வகுப்புக்கான சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். ஆங்கிலம் எழுதும் நம் ஆட்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் பொருளில் இல்லை, இந்த வளைவில்தான். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எழுதினால் ஒருமை பன்மைப் பிழை, திருத்திவிட்டுப் போகலாம். ஆனால் 'வீ ஷுட் பைட் சம் புல்லட்ஸ்' என்று எழுதினால் எதிரே இருப்பவருக்குப் பல் கூசும். கசப்பான காரியத்தை மனதைக் கல்லாக்கிக்கொண்டு செய்வதற்கு 'பைட் த புல்லட்'. அங்கே ஒரே ஒரு தோட்டாதான் உண்டு, அதன் முன்னால் 'த' உண்டு, எண்ணிக்கை ஏறாது.

வளைவில் இன்னொரு வகை, எதிர்மறையில் மட்டும் உயிர் வாழும் தொடர்கள். 'யாரிடமும் மூச்சு விடாதே' என்றால் ரகசியம் காக்கச் சொல்கிறோம். 'அவரிடம் மூச்சு விட்டேன்' என்றால் டாக்டரிடம் நெஞ்சைக் காட்டியது போல ஆகிவிடும். 'அவன் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை' என்போம். 'துரும்பைக் கிள்ளிப் போட்டு உதவினான்' என்று யாராவது சொல்வதுண்டா? இதற்கு ஆங்கிலத்தில் நேர் ஜோடி 'டிட் நாட் லிஃப்ட் எ ஃபிங்கர்'. விரலை அசைக்கவில்லை என்று சொல்லலாம். உதவி செய்தவரைப் பாராட்ட 'ஹி லிஃப்டட் எ ஃபிங்கர்' என்றால் என்ன விரல், எதற்காக என்று கேட்பார்கள். 'கப் ஆஃப் டீ' விவகாரமும் ஏறக்குறைய இதே கதை. 'நாட் மை கப் ஆஃப் டீ' என்பதுதான் பத்துக்கு எட்டு முறை காதில் விழும். இல்லை என்பதோடு சேர்ந்தே அது பழகிவிட்டது. எந்தப் பட்டியலும் இதைச் சொல்வதில்லை. 'கப் ஆஃப் டீ: பிடித்தமான விஷயம்' என்று எழுதி முடித்துவிடுகிறது.

சரி, இந்தத் தொடர்கள் எந்த ஊர்க்காரர்கள்? ஆங்கிலம் என்றதும் ஒரே மொழி என்று நினைத்துக்கொள்கிறோம். பழைய மஹாபலிபுரம் சாலையில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற யாரையாவது கேளுங்கள், அது இரண்டு மைதானத்தில் ஆடப்படுகிற மொழி என்பார். இங்கிலாந்தின் மரபுத்தொடர்களில் கிரிக்கெட் வாசம். இக்கட்டில் மாட்டினால் 'ஸ்டிக்கி விக்கெட்': ஆடுகளத்துக்கு மூடி போடாத காலத்தில், மழையில் நனைந்து வெயிலில் காயும் தரையில் பந்து இஷ்டத்துக்குத் துள்ளும், அதில் ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்பதிலிருந்து வந்தது. தற்காப்புக்குத் தள்ளப்பட்டால் 'ஆன் த பேக் ஃபுட்'. நிறைவாக வாழ்ந்து தொண்ணூறில் கண்ணை மூடினவரைப் பற்றி 'ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்பார்கள். நம் ஊரில் பேரன் பேத்தி எடுத்தவர் போனால் 'கல்யாணச் சாவு' என்று சொல்லி மேளம் வைப்போமே, அந்த மனநிலைக்குப் பக்கத்தில் வருகிறது. இதையும் இழவு வீட்டில் மகனிடம் முதலில் சொல்லக்கூடாது. மகன் சொன்னால் தலையாட்டலாம். இதெல்லாம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, தெருவில் ஸ்டம்ப் நட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அமெரிக்கர்களுடையது பேஸ்பால். அங்கேதான் தொல்லை. 'பால்பார்க் ஃபிகர்' வேண்டும் என்பார் வாடிக்கையாளர். பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம். சுமாரான ஒரு தொகை, மைதானத்துக்குள் விழுந்தால் போதும் என்ற அளவுக்கான மதிப்பீடு. இதைத் தெரியாமல் இரண்டு நாள் உட்கார்ந்து பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'டச் பேஸ்' என்றால் சும்மா ஒரு வார்த்தை பேசிக்கொள்வது. 'கர்வ்பால்' என்றால் எதிர்பாராமல் வந்து விழுந்த சிக்கல். 'ஸ்டெப் அப் டு த பிளேட்' என்றால் பொறுப்பை ஏற்று முன்னால் வருவது. பிளேட் என்பது மட்டையாளர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்திருக்கும் பலகை. சாப்பாட்டுத் தட்டு என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருவர் பஃபே விருந்து ஏதோ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். சிரிக்கலாம். ஆனால் 'டக் அவுட்' என்று நாம் சொன்னால் அந்தப் பக்கம் எத்தனை பேருக்குப் புரியும்?

இந்த இரண்டு மைதானமும் மோதிக்கொள்ளும் இடத்தில் ஒரே தொடர் நேர் எதிராகவும் ஆகிவிடும். 'டேபிள்' என்ற வினைச்சொல்லைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் விவாதத்துக்கு எடுத்து வைப்பது. நாடாளுமன்றத்தில் அறிக்கை 'டேபிள்' செய்யப்பட்டது என்று நம் பத்திரிகைகள் எழுதுவது அந்த வழக்கம்தான். அமெரிக்காவில் 'டேபிள்' செய்வது என்றால் ஓரம்கட்டுவது, கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கையில் பிரிட்டிஷ் படைத்தலைமை ஒரு அவசர ஆவணத்தை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றது. அமெரிக்கத் தரப்பு கூடவே கூடாது என்றது. நெடுநேரம் காரசாரமாக வாக்குவாதம் நடந்த பிறகுதான் இரண்டு பேருமே ஒன்றைத்தான் கேட்கிறார்கள் என்பது தெரிந்தது. சர்ச்சில் தன் போர் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

அது வாக்குவாதத்தோடு போயிற்று. கொரியப் போரில் நடந்தது அப்படியில்லை. 1951 ஏப்ரலில் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு, சுமார் 650 பேர், ஒரு குன்றைச் சுற்றிச் சீனப் படையிடம் மாட்டிக்கொண்டது. எதிரே வந்தது அவர்களைப் போலப் பல மடங்கு. நிலைமை எப்படி என்று அமெரிக்கத் தளபதி சோல் கேட்டபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் பிராடி, "எ பிட் ஸ்டிக்கி" என்று பதில் சொன்னதாகச் சொல்லப்படுகிறது. கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது என்பது வார்த்தை. ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் வாயிலிருந்து வந்தால் அதற்கு அர்த்தம், கழுத்துக்கு மேல் வெள்ளம் போய்விட்டது என்பது. அமெரிக்கர் காதில், சிரமம்தான், சமாளித்துவிடுவார்கள் என்று விழுந்தது. அங்கேயே நில்லுங்கள் என்று உத்தரவு போனது. 25-ஆம் தேதி எல்லாம் முடிந்தபோது, அந்தப் பிரிவில் 500-க்கும் மேற்பட்டவர்கள் போர்க்கைதிகள். ஒரே ஒரு சொல்லால் படை அழிந்தது என்று சொல்வது மிகை. போரில் வேறு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் 'கொஞ்சம்' என்ற சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் அதன் எடை தெரியாது. நம் ஊரிலும் பாருங்கள், சிக்கனமாகப் பேசும் ஒரு கொங்கு நாட்டுப் பெரியவர் 'பரவால்லீங்க' என்றால் அது பெரிய பாராட்டு. வேறு சிலர் வாயில் அதே சொல் 'ஏதோ இருக்கிறது, விடு' என்பது.

பிறப்புக் கதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரபுத்தொடர் என்றால் அதன் பின்னால் ஒரு கதை இருந்தாக வேண்டும் என்று நமக்கு ஒரு ஏக்கம். வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு இவையும் வருகின்றன. மழை கொட்டித் தீர்ப்பதைச் சொல்லும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதற்கு, பழைய இங்கிலாந்தில் நாய் பூனையெல்லாம் கூரை வேய்ந்த புல்லுக்குள் படுத்திருக்கும், மழை பெய்தால் வழுக்கி விழும், அதனால் வந்தது என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. 1999 வாக்கில் மின்னஞ்சலில் உலகம் சுற்றிய ஒரு கட்டுக்கதையில் அடங்கியது அது. சாய்வான கூரைமேல் நாய் ஏறி என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை. இந்தத் தொடர் 1738-இல் ஜோனாதன் ஸ்விஃப்ட் எழுதிய ஒரு நையாண்டிப் புத்தகத்தில் வருகிறது. அந்தப் புத்தகமே கனவான்களின் வாயில் தேய்ந்துபோன சொற்றொடர்களைக் கேலி செய்வதற்காக எழுதப்பட்டது. அன்றைக்கே தேய்ந்துபோன ஒன்றை நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டுரையில் போட்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். லண்டனில் மழை பெய்தால் சாதாரண ஆள் 'இட்ஸ் போரிங்' (pouring) என்கிறான். கொட்டுகிறது என்று நாம் சொல்வது மாதிரி, அவ்வளவுதான்.

திசை திருப்பும் பொய்த் தடயத்துக்கு 'ரெட் ஹெர்ரிங்' என்பார்கள். உப்பிட்டுப் புகை காட்டிய ஹெர்ரிங் மீன் சிவந்து, வாடை ஊரைத் தூக்கும். நம் கருவாட்டுக்கு தூரத்துச் சொந்தம். வேட்டை நாய்களைப் பழக்க அந்த மீனைத் தரையில் இழுத்தார்கள் என்று காலங்காலமாக எழுதிவந்தார்கள். தேடிப் பார்த்தவர்கள் வந்து நின்ற இடம், வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர் 1807-இல் எழுதிய ஒரு கதை. சின்ன வயதில் மீனை வைத்து நாய்களை ஏமாற்றியதாக அவர் கதை விட்டது, நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச் செய்தியின் பின்னால் ஓடிய பத்திரிகைகளைக் குத்திக்காட்டத்தான். மீனே பொய்த் தடயம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

நம்மை ஏமாற்றுவதற்கென்றே ஒன்று இருக்கிறது: 'கறி ஃபேவர்'. காக்கா பிடிப்பது என்று பொருள். கறி என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் 'கறி' ஆனது, ஆகவே விருந்து வைத்துக் காரியம் சாதிப்பதிலிருந்து வந்திருக்கும் என்று ஒரு பேச்சாளர் மேடையில் முழங்கியதை நானே கேட்டிருக்கிறேன். கைதட்டல் வேறு. ஆனால் இந்தக் 'கறி' வேறு கறி. குதிரையின் உடம்பைத் தேய்த்துவிடுவதற்கான பழைய பிரெஞ்சு வினைச்சொல் அது. பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதை ஒன்றில் ஃபோவெல் என்றொரு குதிரை. வஞ்சகத்தின் உருவம் அது. பெரிய மனிதர்களெல்லாம் வரிசையில் வந்து அதற்கு மாலிஷ் போட்டு நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது 'கறி ஃபேவெல்' என்று இருந்தது, குதிரையை மறந்தவர்கள் வாயில் 'ஃபேவர்' ஆகிவிட்டது. நாம் காக்கையைப் பிடிக்கிறோம், அவர்கள் குதிரையைத் தேய்க்கிறார்கள்.

தமிழுக்குள் வந்து தங்கிவிட்ட ஆங்கிலத் தொடர்களும் ஏராளம். முதலைக் கண்ணீர், பச்சைக் கொடி, சிவப்புக் கம்பளம், குதிரை பேரம். இவற்றை வந்தேறி என்று யாரும் இப்போது பார்ப்பதில்லை. 'சிவப்பு நாடா' வந்த வேகத்தில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், கோப்பைக் கட்டும் நாடா நம் அரசு அலுவலகங்களிலும் கண்ணெதிரே இருந்ததுதான். பொருள் ஏற்கெனவே மேசைமேல் கிடந்தது. தொடர் வந்து உட்கார்ந்துகொண்டது.

சிக்கல், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்து உள்ளே வேறாக இருக்கும் ஜோடிகளில். 'புல்லிங் மை லெக்' என்றால் என்னை வைத்துக் கிண்டல் செய்கிறாய் என்பது, சிநேகமான சங்கதி. நாம் அதைக் 'காலை வாருகிறான்' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். அரட்டையில் அது ஓடும். ஆனால் 'கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டான்' என்றால் துரோகம். தேர்தல் நேரத்தில் கூட்டணியிலிருந்து விலகினவர் செய்வது. ஒரு 'விட்டான்' சேர்ந்ததும் நண்பன் எதிரியாகிவிடுகிறான். இந்த இரண்டாவது அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு, சரக்கை நேரத்துக்கு அனுப்பாத ஒருவரைப் பற்றி 'ஹி புல்ட் மை லெக்' என்று ஆங்கிலத்தில் புகார் எழுதினால், அங்கே படிப்பவர் புன்னகையோடு மூடிவைத்துவிடுவார்.

'பட்டர்ஃபிளைஸ் இன் த ஸ்டமக்' இன்னொன்று. மேடை ஏறும் முன், பெண் பார்க்கப் போகும் முன், வயிற்றில் ஒரு படபடப்பு. பயமும் உண்டு, ஆசையும் உண்டு. அகராதிகள் 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்று பக்கத்தில் எழுதுகின்றன. புளி கரைப்பதில் ஆசை ஏது? வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது கரைவது அது. காதலிக்கிற பெண் நிமிர்ந்து பார்த்ததும் வயிற்றில் புளி கரைந்தால் அந்தக் காதல் உருப்படாது. இந்த இடைவெளி தெரிந்ததால்தான் இப்போது கதை எழுதுகிறவர்கள் 'வயிற்றில் பட்டாம்பூச்சி பறந்தது' என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு முதலில் ஒட்டவில்லை. இப்போது பழகிவிட்டது.

'எலிஃபண்ட் இன் த ரூம்' என்பதை 'முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது' என்று போடுகிறார்கள். இது எனக்கு ஒப்பவே இல்லை. பூசணிக்காயை மறைப்பவர் ஒருவர். பொய் சொல்கிறார், பிடிபடுகிறார். யானை விஷயத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. குடும்பமே கல்யாணத்துக்குக் கூடியிருக்கிறது, மூத்தவனும் இளையவனும் சொத்துத் தகராறில் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது பந்தி பரிமாறுகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். சாம்பாரில் உப்புத் தூக்கல் என்று பேசுகிறார்கள், வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள், அதைத் தவிர எல்லாம் பேசுகிறார்கள். அதுதான் யானை. 'ஊரறிந்த ரகசியம்' கொஞ்சம் கிட்ட வருகிறது, ஆனால் அதில் இந்தச் சங்கடம் இல்லை. சில தொடர்களுக்கு ஜோடி கிடையாது என்று ஒப்புக்கொண்டு, ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டுப் போவதே மேல்.

பொருந்துகிற ஜோடிகளும் உண்டு, அவை தரும் சந்தோஷமே தனி. அவர்கள் ஒரு கல்லில் இரண்டு பறவையைக் கொல்கிறார்கள், நாம் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன நியூகாசிலுக்கு அவர்கள் நிலக்கரி கொண்டுபோகிறார்கள், நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்கிறோம்.

நாமே ஆக்கிக்கொண்ட, அல்லது நம்மிடமே தங்கிவிட்ட ஆங்கிலத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 'டூ த நீட்ஃபுல்', அதாவது 'ஆவன செய்யவும்', ஒருகாலத்தில் இங்கிலாந்துக் கடிதங்களில் இருந்தது. அங்கே பேச்சு மாறிவிட்டது, நம் அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. வெளியூர் போயிருக்கிறார் என்பதற்கான 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' வெள்ளைக்கார அதிகாரிகள் முகாம் போட்ட காலத்து மிச்சம். இவற்றைப் பிழை என்று சொல்லிச் சிவப்பு மையால் அடிக்கும் பயிற்சியாளர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. விழுப்புரத்திலிருந்து வேலூருக்குப் போகும் கடிதத்தில் 'டூ த நீட்ஃபுல்' இருந்தால் என்ன குடிமுழுகிவிடும்? டெக்ஸாஸுக்குப் போகிற மெயிலில் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள், அவ்வளவுதான்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்று. ஒரு தொடரை முதல்முறை கேட்டதும் வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள். காதில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை யார் சொன்னார், யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். மேலதிகாரி கீழே இருப்பவரிடம் சொன்னதா, சமமானவர்கள் காபி குடிக்கும்போது சொன்னதா, மெயிலில் வந்ததா, வாயில் மட்டும் வருகிறதா. மூன்றாவது தடவை முழு வாக்கியத்தையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், முன்னால் 'நாட்' இருக்கிறதா, 'த' இருக்கிறதா என்பதோடு. நான்காவது தடவை நீங்கள் சொல்லலாம். பேசும் நேரத்தில் சந்தேகம் வந்தால் நேரடியான சொல்லே போதும். 'பாஸ்ட் அவே' என்று எழுதின கடிதத்தைப் பார்த்து யாரும் இலக்கிய நயம் குறைவு என்று சொல்லப்போவதில்லை. புரியாததைக் கேட்டுவிடவும் வெட்கப்பட வேண்டாம். எதிரே இருப்பவருக்கும் நம்முடையது புரியாமல்தான் இருக்கிறது.

அந்த விடுப்புக் கடிதப் பையன் இப்போது ஒரு குழுவுக்குத் தலைவன். போன மாதம் அவன் நடத்திய கூட்டத்தில் நானும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்வர் படுத்துவிட்டது, வாடிக்கையாளர் அமெரிக்காவிலிருந்து என்ன நடந்தது என்று கேட்கிறார். பால்பார்க், டச் பேஸ் எல்லாம் அவனுக்கு இப்போது தண்ணி பட்ட பாடு. நன்றாகத்தான் விளக்கிக்கொண்டுவந்தான். கடைசியில், அந்த அடி எங்களை நிலைகுலைய வைத்துவிட்டது என்பதற்கு, நிதானமாக, 'இட் ஹிட் அஸ் ஃபார் சிக்ஸ்' என்றான். இலக்கணம் சுத்தம், இடமும் பொருத்தம்தான், இங்கிலாந்தில்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் கேட்டார்: "ஆறு என்றால், ஆறு மணி நேரமா?"